ஏட்டுத் தெரு

ஜூலை, இரண்டாம் செவ்வாய், மாலை ஏழு மணி.
மின்விசிறி என் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.
பொருள் நிரலில் ஒன்பதாவது:
லார்ச் தெருவைக் கைவிடுதல்,
ஆறாம் அவென்யூ முதல் தண்டவாளம் வரை,
அறுபதடி அகலம், முந்நூறடி நீளம்.

கைவிடுவதற்கு அங்கே தெரு இருந்ததில்லை.
ரயில் வந்த வருஷம்
எவனோ ஒரு நில அளவைக்காரன்
ஊர் பத்தாயிரம் பேராய்ப் பெருகுமென்று நம்பி
வடக்கு டகோட்டாவின் தட்டைப் புல்வெளிமேல்
அளவுகோல் வைத்து இழுத்த இரட்டைக் கோடு.
மரத்தின் பெயரை வைத்தான். மரமும் இல்லை.
ஊர் ஆயிரத்து எழுநூற்றில்
மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது.
கோடு மட்டும் கிடந்தது,
வரைபட அலமாரியின் மூன்றாம் இழுப்பறையில்,
யார் பெயரிலும் இல்லாமல்.

விண்ணப்பம் கோர்டன் ஸ்டென்ஸ்ருட்டுடையது.
இரண்டு பக்கமும் அவர் மனை,
நடுவில் இது, பல்லிடுக்கில் மாட்டிய நார்.
குடியிருப்பு மண்டலத்தை வணிகமாக்கித் தந்தால்
தகரக் கிடங்குகள் நாற்பது கட்டுவார்:
வீடு கொள்ளாத சோபாக்களுக்கும்
விற்க மனசு வராத படகுகளுக்கும்
மாத வாடகை.
அவர் கொண்டுவந்த படத்தில்
பச்சைப் பென்சிலில் ஆறு மரங்கள் இருந்தன.

பொதுமக்கள் கருத்து. ஆளுக்கு மூன்று நிமிடம்.
எழுந்தது லைல் பாக்கன் ஒருவர்தான்.
இருபத்திரண்டு குளிர்காலமாய் நகரத்தின் பனி வண்டி ஓட்டுகிறவர்.
தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார்.
"பனியை எங்கே தள்ளுறது?" என்றார்.
வெளியே தொண்ணூற்றாறு டிகிரி வெயில்.
கவுன்சிலர் மேவிஸ் ட்வெட்டன் முதலில் சிரித்தார்,
பிறகு எல்லோரும்,
நானும்தான்.
இரண்டு நிமிடம் நாற்பது விநாடியை
மிச்சம் வைத்து அவர் உட்கார்ந்தார்.

முன்மொழிந்தாயிற்று, வழிமொழிந்தாயிற்று,
நான்குக்கு இரண்டு.
இல்லாத தெரு இல்லாமல் போக
ஆறு நிமிடம்.
அடுத்த பொருள், நாய்ப் பூங்கா வேலியின் உயரம்,
ஒன்றரை மணி நேரம் ஓடியது.

குறிப்பேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்:
பொதுமக்கள் கருத்து – ஒருவர் பேசினார்.

எழுதாதது:
வாசற்படியைத் தவிர ஏறுவதற்கு ஒன்றுமே இல்லாத ஊர் இது.
பத்துத் தெருப் பனியை லைல் அந்தக் கோட்டுக்குள் தள்ளுவார்.
டிசம்பரில் அது இரண்டு மாடி உயரம்.
சாப்பாட்டுத் தட்டு, அட்டைப்பெட்டி, கார் டியூப்,
கிடைத்ததில் உட்கார்ந்து பிள்ளைகள் சறுக்குவார்கள்.
யாரும் அனுமதி கொடுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை.
என் மகளின் முன்பல் அங்கேதான் உடைந்தது.
அதைத் தெரிந்துகொண்டேதான்
ஜூலையில் சிரித்திருக்கிறேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
நூறு வருஷம் இது உதவியது.
அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

ஜனவரி.
நகரத்துக்கு மிஞ்சிய சொந்த நிலம்
நகர்மன்றத்தின் கார் நிறுத்துமிடம்.
லைல் கேள்வி எதுவும் கேட்கவில்லை இம்முறை.
மேயரின் பெயர்ப்பலகை முதலில் மறைந்தது,
பிறகு சைக்கிள் கம்பி,
பிறகு கூட்ட அறையின் ஜன்னல்.

பொருள் நான்கு: பனி கொட்டுமிடம், கலந்தாய்வு.
ஸ்டென்ஸ்ருட் கடிதம் அனுப்பியிருந்தார்:
கிடங்குக்குப் பின்னால் ஒரு மூலை தரத் தயார்,
மாதம் நானூறு டாலர்.
மேயர் ஆர்லிஸ் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போது
சுவரில்
தொம்.

நிறுத்தினார். எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.
மறுபடி தொம்,
கூடவே ஒரு கீச்சுக் குரல், பூட்ஸ்கள் மேலேறும் நொறநொறப்பு.
"யாராவது வெளியே போய்ச் சொல்லுங்களேன்."
யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை.
மேவிஸ் தன் பேனாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொதுமக்கள் கருத்து
என்று தட்டச்சு செய்து,
கோடு போட்டு,
எத்தனை பேர் என்று
எண்ணத் தொடங்கினேன்.